446 நர்ஸ்களும் பாதியில நின்ன ஒரு ஆய்வும்

2009-ல பன்றிக்காய்ச்சல் வந்தப்போ நான் ஸ்கூல் பையன். கர்ச்சீப்பை முகத்துல கட்டிக்கிட்டு க்ளாஸுக்குப் போனது மட்டும்தான் ஞாபகம். எந்த மாஸ்க் போதும்னு ஆஸ்பத்திரிக்காரங்களுக்கே அப்போ உறுதியா தெரியாதுங்கிறது பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சது.

அதை நேரடியா சோதிச்ச இடம் கனடாவோட ஒன்டாரியோ மாகாணம். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோட மார்க் லோப் குழு, 2008 செப்டம்பர்ல ஆரம்பிச்சு, 8 ஆஸ்பத்திரிகள்ல 446 நர்ஸ்களைக் குலுக்கல் போட்டு ரெண்டா பிரிச்சாங்க. காய்ச்சல் நோயாளியைக் கவனிக்கும்போது ஒரு பாதிக்குச் சாதாரண சர்ஜிகல் மாஸ்க். இன்னொரு பாதிக்கு முகத்தோட இறுக்கமா ஒட்டுற என்95.

2009 ஏப்ரல்ல புது ஹெச்1என்1 வந்துடுச்சு. நோயாளிகளைக் கவனிக்கிறவங்க என்95 போடணும்னு மாகாண அரசு சொல்லிடுச்சு. அப்புறம் எப்படிப் பாதிப் பேருக்கு சர்ஜிகல் மாஸ்க் கொடுக்கிறது? ஏப்ரல் 23-ஓட ஆய்வை நிறுத்திட்டாங்க.

அரசைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. 2003-ல சார்ஸ் வந்தப்போ அங்கே ரெண்டு நர்ஸும் ஒரு டாக்டரும் செத்துப்போனாங்க. அதை விசாரிச்ச நீதிபதி ஆர்ச்சி கேம்பெல், அறிவியல் முழு உறுதி தர்ற வரைக்கும் பாதுகாப்புக்குக் காத்திருக்கக் கூடாதுன்னு எழுதினார். எங்க வேலையிலயும் அப்படித்தான்: சர்வர் விழுந்தா முதல்ல எழுப்பு, காரணத்தை அப்புறம் தேடு. என்ன, லாக் எடுக்காம ரீஸ்டார்ட் பண்ணிட்டா காரணம் கடைசி வரைக்கும் கிடைக்காது.

இருந்த டேட்டாவை வெச்சு அக்டோபர்ல ரிசல்ட் வந்தது. ஃப்ளூ தொற்று சர்ஜிகல் மாஸ்க் குழுவுல 23.6 சதவீதம், என்95 குழுவுல 22.9. கிட்டத்தட்ட சமம். அப்போ என்95 வேண்டாமா? அவசரப்படாதீங்க. மாஸ்க்கே போடாத குழுன்னு ஒண்ணு இதுல இல்ல. ரெண்டுமே காப்பாத்துச்சா, ரெண்டுமே காப்பாத்தலையா, தொற்று வார்டுல ஒட்டுச்சா, வீட்டுப் பிள்ளைங்ககிட்ட இருந்து வந்துச்சா? பிரிச்சுச் சொல்ல வழியில்ல. அதே மாசம் அமெரிக்காவோட சிடிசி, என்95-தான்னு வழிகாட்டுதல் கொடுத்துச்சு.

மாத்திரை விஷயமும் இதே மாதிரிதான். 2014-ல காக்ரேன் குழு டாமிஃப்ளூ ஆய்வுகளை அலசினப்போ, பெரியவங்களுக்கு அது ஃப்ளூ தொந்தரவைக் குறைச்சது 16.8 மணி நேரம். ஆஸ்பத்திரியில சேர்க்கிற அளவுக்குப் போறதை அது தடுக்குதுங்கிறதுக்கு நல்ல ஆதாரம் கிடைக்கல. அதே வருஷம், ஆஸ்பத்திரியில சேர்ந்த 29,000-க்கும் மேற்பட்டவங்களோட பதிவுகளைப் பார்த்த இன்னொரு ஆய்வு, இந்த வகை மருந்து எடுத்தவங்கள்ல சாவு குறைவுன்னு சொல்லுச்சு. ஆனா இங்கே குலுக்கல் கிடையாது. யாருக்குக் கொடுக்கணும்னு அந்தந்த டாக்டர் முடிவு பண்ணினது. இன்னொண்ணு: அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது, டாமிஃப்ளூ தயாரிக்கிற ரோஷ் கம்பெனி.