மூழ்குதல்: தொழிலும் இன்பமும்

மூச்சை அடக்கி நீருள் மூழ்குதல் மனிதன் தொன்றுதொட்டு அறிந்த வித்தைகளுள் ஒன்று. அதற்குப் பெருங்கருவிகள் வேண்டுவதில்லை. நெஞ்சு நிறைந்த காற்றும் நெஞ்சுரமும் போதும். ஆயினும், இவ்வித்தையின் வரலாற்றை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலனாகும். நெடுங்காலமாக, மூழ்கியவனுடைய மூச்சு அவனுக்கு உரியதாய் இருந்ததில்லை. அரசனும் குத்தகைக்காரனும் வணிகனும் அதற்கு உடையராய் இருந்தனர். கரையோரச் சிறுவர் எக்காலத்தும் விளையாட்டாய் மூழ்கியிருப்பர் என்பதில் ஐயமில்லை. தமிழ்ப் புலவரும் வையையின் புனலாட்டைப் பரிபாடலிற் பாடினர். ஆனால், வளர்ந்தோர் ஆழ்கடலுள் மூழ்குதலை வேறு பயன் கருதாது, இன்பத்துக்குரிய ஒரு கலையாகப் பயிலத் தொடங்கியது 20 ஆம் நூற்றாண்டிலேயாம்.

முத்துக்குளித்தலின் வரலாறு இதற்குச் சான்று பகரும். கொற்கை முத்தின் புகழை அறியாத தமிழர் இலர். அம்முத்தை எடுத்தவர் யாவர்? கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட செங்கடற் பயணநூல், கொற்கையில் முத்துக்குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று கூறுகின்றது. அரசியரின் மார்பில் ஒளிவீசிய முத்து, சிறைப்பட்டோரின் மூச்சை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது என்பதை இக்குறிப்பு உணர்த்துகின்றது.

பிற்காலத்தில் மன்னார்க் கடலின் முத்துப்பார்களிற் குளித்தோர் கைதிகளல்லர். ஆயினும் அவர் மூச்சுக்கும் பிறரே கணக்கு வைத்தனர். கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்துக்கு அவர் இறங்குவர். ஒரு பாகம் 6 அடியாகும். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துள் சிப்பிகளை வாரிக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பர். வள்ளத்திலிருப்போர் அவரை மேலே இழுப்பர். பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1803 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், குளிப்போரின் வாயினின்றும் செவியினின்றும் மூக்கினின்றும் நீரும், பல வேளைகளிற் குருதியும் வடிந்ததைக் குறிப்பிடுகின்றார். அவ்வாறாகியும் அவர் தம் முறை வந்ததும் மீண்டும் இறங்கினர். ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை மூழ்கினர். 1905 ஆம் ஆண்டின் பெருஞ் சலாபத்தில் எட்டுக் கோடியளவு சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றிலொரு பங்கே குளித்தவர்க்குரியது; எஞ்சிய இரு பங்கும் அரசுக்குச் சென்றன. அடுத்த ஆண்டிற் பார்கள் 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனியின் கைக்கு மாறின. 1907 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அப்பார்கள் பல்லாண்டு வெறுமையாய்க் கிடந்தன.

மத்தியதரைக் கடலிலும் நிலைமை இதுவே. கிரேக்கத் தீவினர் தட்டையான கல்லொன்றைக் கையிற்பற்றிக் கடற்பஞ்சு எடுக்க மூழ்கினர். அவருள் ஒருவரான ஸ்தாத்தி, 1913 ஆம் ஆண்டில் இத்தாலியப் போர்க்கப்பலொன்று கார்ப்பதோஸ் தீவருகே இழந்த நங்கூரத்தை 250 அடியளவு ஆழத்திற் கண்டு கயிறு பிணித்தார். அவரை முன்னரே சோதித்த கப்பல் மருத்துவர்கள், அவர் செவிப்பறைகள் பழுதுற்றிருந்ததைக் கண்டனர். தொழில் அவருக்கு அளித்த ஆற்றலுக்கு அவர் கொடுத்த விலை அது.

இன்பம் கருதிய மூழ்குதல் 1930 ஆம் ஆண்டுகளிற் பிரான்சு நாட்டின் தென்கரையில் தழைத்தது. முன்னாள் விமானியும் எழுத்தாளருமான கை கில்பற்றிக் என்னும் அமெரிக்கர், தம் பழைய விமானக் கண்ணாடியின் இடுக்குகளை அடைத்து, அதனை அணிந்து நீருள் நோக்கினார். மங்கலாய்த் தோன்றிய கடலடி தெளிவாய்த் தெரிந்தது. அவர் 1938 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பலரைக் கடலுக்கு அழைத்தது. 1933 ஆம் ஆண்டில் டி கொர்லியூ என்னும் பிரெஞ்சுக்காரர் காற்செட்டைகளுக்கு உரிமைப்பத்திரம் பெற்றிருந்தார். 1936 ஆம் ஆண்டில் தூலோன் நகர்க் கரையிற் கண்ணாடி அணிந்து முதன்முறை நீருள் நோக்கிய கடற்படை அதிகாரி கூஸ்தோ, தம் வாழ்நாள் முழுவதையும் கடலாய்வுக்கு அளித்தார். இவர்களுட் பலர் மீன்வேட்டை ஆடினரெனினும், இவர்களை ஆழத்துக்கு அனுப்பியவர் எவருமிலர். விரும்பியபோது இறங்கினர், போதுமென்றபோது மீண்டனர்.

ஆயினும், இவ்வின்பத்துக்கும் விரைவிற் புதியதோர் எசமானன் வாய்த்தான். அவன் பெயர் அளவுகோல். 1949 ஆம் ஆண்டில் இத்தாலியரான புச்சர், பந்தயம் கட்டி 30 மீற்றர் ஆழஞ் சென்று மீண்டார். பின்னர் மயோர்க்கா, மயோல் ஆகியோரிடையே போட்டி முற்றியது. மயோல் 1976 ஆம் ஆண்டில் எல்பாத் தீவருகே 100 மீற்றர் ஆழத்தை எட்டினார். யோக நெறியின் மூச்சுப்பயிற்சியையும் டொல்பின் மீன்களின் இயல்பையும் தம் ஆசான்களாய்க் கொண்ட அவரே, மனிதன் கடலோடு ஒன்றுதலே நோக்கமென எழுதியவர். அத்தகையோரையும் அளவுகோல் ஈர்த்தது.

உடலின் இயல்பை நோக்கின், போட்டிக்கும் இன்பத்துக்குமுள்ள வேறுபாடு தெளிவாகும். 33 அடி ஆழத்தில் அமுக்கம் இருமடங்காகும். சுவாசப்பையிலுள்ள காற்று பாதியாய்ச் சுருங்கும். இதயத்துடிப்புத் தளரும், ஆழத்திற் கைகால்களின் குருதி மார்பை நாடும். இவை இயற்கை அளித்த காவல்கள். மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் உடலிற் பெருகும் காபனீரொட்சைட்டேயாகும். மூழ்குமுன் விரைந்து பன்முறை மூச்செறிவோர் அதனைக் குறைத்துவிடுகின்றனர். ஒட்சிசனையோ குறிப்பிடத்தக்க அளவிற் கூட்டுவதில்லை. அதனால், எச்சரிக்கை எழுமுன்னரே ஒட்சிசன் தீர்ந்து, பெரும்பாலும் மேலேறும் வேளையில் அறிவு மயங்கும். அருகில் துணையில்லாவிடின் அம்மயக்கம் மரணமாய் முடியும். எனவே, தனியே மூழ்காமையும், மூச்சை விரைந்தெறியாமையும், உடல் போதுமென்னுமுன் மீளுதலும் இக்கலையின் ஒழுக்கங்களாயின. எண்ணுக்காக மூழ்குவோன் இவ்வெல்லையை நெருங்கியே தீரவேண்டும். இன்பத்துக்காக மூழ்குவோனுக்கு அதனை நெருங்கவேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு நன்மையுமுண்டு. தன் விருப்பால் மூழ்குவோனுக்கே சுற்றிலும் நோக்க ஓய்வு கிடைக்கின்றது. 1956 ஆம் ஆண்டில் மைக் வில்சன் என்பவர் திருக்கோணமலையிற் கோணேசர் மலையடியில் மூழ்கியபோது, செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியிற் கிடக்கக் கண்டார். 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் எச்சங்கள் அவை. அவரும் அவர் நண்பர் ஆதர் கிளாக்கும் காற்றுக்கலங்களையும் பயன்படுத்தியவர்கள். எனினும், அவர்களைக் கடலுக்குக் கொணர்ந்தது கடலின்மீது கொண்ட காதலேயாகும். சிப்பியைத் தேடிய குளிகாரர்க்கு நிமிர்ந்து பார்க்க ஒரு கணமேனும் இருந்ததா என்பதை எண்ணிப்பார்த்தல் தகும்.

இன்று இன்பத்துக்காக மூழ்குவோர் பயன்படுத்தும் முறைகள் பலவும் குளிகாரரும் கடற்பஞ்செடுப்போரும் தலைமுறை தலைமுறையாய்த் தம் உடலை வருத்திக் கண்டவை. கல்லுங் கயிறும், மேலே காத்திருக்கும் துணைவனும், அமைதியாய் இழுத்த ஒரு முழுமூச்சும் அவர்தம் கொடையே. அவர் பெறாத ஒன்று, தம் மூச்சைத் தாமே ஆளும் உரிமை. அவ்வுரிமையைப் பெற்றோர் அதனை மீண்டும் ஓர் அளவுகோலுக்கு அடிமையாக்காது காத்தலே, பெயரும் எழுதப்படாது மறைந்த அம்மூழ்குநர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.