பள்ளி ‘புள்ளி’யான கதை

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாதபோது படியுங்கள். பழைய சி.டி., பென் டிரைவ் எதையாவது பீரோவில் போட்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் ஒரு பெண் வீடு தேடி வந்தார். என்னோடு பல வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த தமிழையாவின் மகள். ஐயா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. கையில் ஒரு பென் டிரைவ். “அப்பா கம்ப்யூட்டர்ல செஞ்ச பாடமெல்லாம் இதுல இருக்கு சார். யாரோ பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தாங்க. ஆனா ஒரு எழுத்துகூட படிக்க முடியல. கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க” என்றார்.

திறந்து பார்த்தேன். 41 கோப்புகள். முதல் ஸ்லைடின் தலைப்பிலேயே ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்து, பின்னால் ஓர் அரைப்புள்ளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாமினியில் அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அது ‘தமிழ்’. கோப்பு கெடவில்லை. ஆடை மாற்றிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ஆசிரியர்கள் பலருக்கு இது தெரியாது.

பவர்பாயிண்ட் பிறந்தது அமெரிக்காவில், ஃபோர்தாட் என்ற சின்ன கம்பெனியில். ராபர்ட் காஸ்கின்ஸ் என்பவரின் யோசனை. டென்னிஸ் ஆஸ்டினும் தாமஸ் ரட்கினும் எழுதினார்கள். முதலில் ‘பிரசென்டர்’ என்று பெயர் வைத்து, அது வேறொருவரின் வணிகப் பெயராக இருந்ததால் மாற்றினார்கள். 1987 ஏப்ரலில் ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு மட்டும் வெளிவந்தது. அதே ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. விண்டோஸுக்கு வந்தது 1990இல்.

முதல் பதிப்பில் வண்ணம் கிடையாது. திரையில் ஓட்டிக் காட்டுவதற்காகவும் அது பிறக்கவில்லை. ஓ.எச்.பி.யில் வைக்கும் கண்ணாடித் தாள்களை அச்சடிப்பதற்காகப் பிறந்தது. பயிற்சி வகுப்புகளுக்குக் கண்ணாடித் தாளையும் ஸ்கெட்ச் பேனாவையும் தூக்கிக்கொண்டு போன தலைமுறை நாங்கள். எச்சில் தொட்டு அழித்தால் பாதி பாடம் போய்விடும்! அந்தத் தாளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த ஊர் மெஷினில் வைத்தாலும் எழுதியது எழுதியபடியே தெரியும். அது கணினிக்குள் போனபோது அந்தக் குணம் போய்விட்டது.

காரணம் இதுதான். ஸ்லைடில் நாம் அடிக்கும் எழுத்தின் வடிவம் கோப்புக்குள் இருப்பதில்லை. “இந்த இடத்தில் இந்த எண்ணுள்ள எழுத்து, அதை இந்தப் பெயருள்ள எழுத்துருவால் வரை” என்ற குறிப்புதான் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால், அது கையில் இருக்கும் ஏரியலையோ வேறொன்றையோ எடுத்து வரைந்துவிடும். ஆங்கிலக்காரனுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. எழுத்தின் அழகு மாறும், வாசகம் மாறாது. நமக்கு வாசகமே போய்விடும். ஏனென்றால் அந்நாளில் தமிழுக்கென்று கணினியில் நாம் பயன்படுத்தக்கூடிய தனி இடம் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தோம். ‘ஜே’யின் இடத்தில் த, ‘கே’யின் இடத்தில் ம. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது சுலபமாகவும் இருந்தது.

எல்லோரும் ஒரே மாதிரி உட்கார வைத்திருந்தாலாவது பரவாயில்லை. பாமினி ஒரு விதம், வானவில் ஒரு விதம், டிஸ்கி ஒரு விதம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் முடிவாயின. ஆனாலும் டி.டி.பி. கடைக்காரர் எதை வைத்திருக்கிறாரோ அதுதான் எங்களுக்குத் தரம்.

வேடிக்கை என்னவென்றால், யூனிகோடு அதற்கு முன்பே, 1991இல், முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. ஆனால் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் சேர்த்துக் காட்டும் வேலையை விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் செய்தது. எங்கள் பள்ளியில் இருந்தது விண்டோஸ் 98. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. ஆக, பத்தொன்பது வருட இடைவெளி. தமிழையா பாடங்கள் செய்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

பி.டி.எஃப். ஆக்கினால் எழுத்து மாறாது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அடோபியின் ஜான் வார்னாக் 1991இல் தொடங்கிவைத்து 1993இல் வெளிவந்த வடிவம் அது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்துகொள்ளும், அதனால் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் மாற்றுகிற கணினியில் என்ன தெரிகிறதோ அதைத்தான் பிடித்து வைக்கும். பாமினி இல்லாத கணினியில் மாற்றியிருக்கிறார்கள். அது ஏரியலில் காட்டியதை பி.டி.எஃப். அப்படியே உண்மையாகப் படம் பிடித்து வைத்துவிட்டது. மாற்றிய பிறகு ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சரி, அதைப் பேசிப் பயனில்லை.

அந்த அலங்கோலமே எங்களுக்கு உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துகளாக இருந்ததால் அவற்றை நகலெடுக்க முடிந்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினோம். நொடியில் தமிழ் வந்தது. அந்தப் பெண் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படித்துப் பார்த்தால் ஒரு குழப்பம். முதல் பாடத்தில் “புள்ளி வாழ்க்கை” என்று இருக்கிறது. ஐயா எழுத்துப்பிழை விடுகிறவர் இல்லை. ஒற்று விட்டால் தலைமை ஆசிரியரின் சுற்றறிக்கையிலேயே சிவப்பு மையால் திருத்துபவர்! இன்னொரு இடத்தில் “முகிழ்ச்சி”. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் பவர்பாயிண்டுக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு அது உபகாரம். பாமினியில் சின்ன ‘ஜி’ என்றால் ப, பெரிய ‘ஜி’ என்றால் பு. சின்ன ‘கே’ ம, பெரிய ‘கே’ மு. அவர் அடித்தது பள்ளி, மென்பொருள் திருத்தியது புள்ளி. ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாமல் உ.வே.சா. தவித்தார். இங்கே கேட்காமலே ஒரு புள்ளி வந்து உட்கார்ந்திருந்தது. பத்தியின் முதல் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

இதற்குப் பிறகுதான் பெரிய இழப்பு தெரிந்தது. எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஐயா ஒரு பாடம் செய்திருந்தார். மதகுகள், கலங்கல், மடைக்குப் பொறுப்பான குடும்பங்கள், எந்த வருடம் கரை உடைந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியது. அவர் கேட்டு எழுதும்போது நான் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். பி.டி.எஃப்.பில் வெறும் 14 படங்களும் தலைப்புகளும்தான் இருந்தன. பெரியவர்கள் சொன்னதை அவர் ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் குறிப்புப் பகுதியில் அடித்து வைப்பார். பி.டி.எஃப். ஆக்கும்போது நாமாகப் போய், குறிப்புப் பக்கங்களும் வேண்டும் என்று தேர்ந்தெடுக்காவிட்டால் அது ஸ்லைடை மட்டும்தான் எடுக்கும். பேச்சு கொடுத்த பெரியவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை.

“மூலக் கோப்பு எங்கேயாவது இருக்கும், தேடும்மா” என்றேன். பத்து நாள் கழித்து, பிஸ்கட் டின்னில் நூல்கண்டுகளுக்கு அடியில் இரண்டு சி.டி. கிடைத்தது. இப்போதைய மடிக்கணினிகளில் சி.டி. போடும் இடமே இல்லை. மருமகனின் பழைய கணினியில் போட்டோம். ஒன்று படித்தது. இன்னொன்று முக்கி முனகிப் பாதி படித்தது.

உள்ளே இருந்தவை பவர்பாயிண்ட் 97 முதல் 2003 வரை இருந்த பழைய வடிவக் கோப்புகள். 2007இல் புது வடிவம் வந்தது. அது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் கடைசியில் ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால் ஸ்லைடு, படம், குறிப்பு எல்லாம் தனித்தனி அறைகளில் இருக்கும். திறக்க மறுக்கும் கோப்பிலிருந்து படங்களை மீட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இந்த வடிவத்தை உலகத் தரமாக்கலாமா என்று 2008இல் பெரிய சண்டையே நடந்தது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவுடன் சேர்ந்து மேல்முறையீடும் செய்து தோற்றது. அந்தச் சண்டையில் ஒரு நன்மை, பழைய வடிவத்தின் உள்ளமைப்பையும் மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டே பொதுவில் வெளியிட்டது. இன்று லிப்ரே ஆஃபிஸ் போன்ற இலவச மென்பொருள் பழைய கோப்பைத் தயக்கமில்லாமல் திறக்கிறது.

முதலில் கணினியில் பாமினியைப் பதித்தோம். பிறகு கோப்பைத் திறந்தோம். ஏரிப் பாடம் அப்படியே எழுந்து வந்தது, கீழே குறிப்புகளோடு. முதல் வேலையாகக் குறிப்புப் பக்கங்களோடு ஒரு பி.டி.எஃப். எடுத்து அச்சடித்தோம். அதன் பிறகுதான் யூனிகோடு மாற்றம். மொத்தமாக மாற்றக்கூடாது. பாமினியில் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். இடையில் டைம்ஸ் நியூ ரோமனில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துக் கொடுத்து, அவை அர்த்தமில்லாத தமிழாகித் தொலைந்தன. மறுபடி முதலிலிருந்து செய்தோம். லதா எழுத்துரு பாமினியைவிட அகலம், வரிகள் கட்டத்துக்கு வெளியே வழிந்தன. அளவைக் குறைத்தோம். வீடியோ இரண்டு வரவில்லை. அந்தக் காலத்தில் வீடியோ ஸ்லைடுக்குள் இருக்காது, அது இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். ஐயாவின் பழைய கணினியோடு அவை போய்விட்டன.

41இல் 38 முடிந்தது. மீதி மூன்றில் இருப்பது பாமினியும் இல்லை, வானவில்லும் இல்லை. அன்றைக்கு எங்கள் ஊர் டி.டி.பி. கடையில் யாரோ ஏற்றிக் கொடுத்த எழுத்துரு. அந்தக் கடை இப்போது செல்போன் கடை. கல்வெட்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் அதிகம் வரும் குறி புள்ளிதானே, அதை முதலில் கண்டுபிடித்தேன். பிறகு க, த, ம். மூன்றில் ஒன்று, கரை உடைந்த இரவைப் பற்றியது என்பது படத்திலிருந்து தெரிகிறது.

2000ஐ ஒட்டிய வருடங்களில் டி.டி.பி. வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் பழைய எழுத்துரு சி.டி. இருந்தால், கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். ஸ்லைடின் படத்தை முதல் கருத்தில் போட்டிருக்கிறேன்.