கேள்வித்தாளை யார் எழுதறாங்க? 8 பக்க அறிக்கையிலிருந்து 'ஸ்கோப்பிங்' வரை

ஒரு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, சுருக்கமா இஐஏ, எதையெல்லாம் ஆராயணும்னு யார் முடிவு பண்றாங்க? இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியோட வரலாறு.

கதை அமெரிக்காவுல தொடங்குது. 1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சன் தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் அரசுத் துறைகள் விரிவான அறிக்கை தயாரிக்கணும்னு அது சொன்னது. ஆனா ஒரு திட்டத்துல எந்தக் கேள்வி முக்கியம்னு தேர்ந்தெடுக்க வழிமுறை எதுவும் அதில் இல்லை.

உடனே வந்த சோதனை அலாஸ்கா. சுமார் 1,280 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய். முதல் அறிக்கை குழாய் போட உதவும் சாலையைப் பற்றி மட்டும், 8 பக்கம். 1970 ஏப்ரலில் நீதிமன்றம் வேலைக்குத் தடை போட்டது. இதுக்கிடையில புவியியலாளர்கள் கேட்டது எளிமையான கேள்வி: சூடான எண்ணெய் ஓடும் குழாயை உறைநிலத்துல புதைச்சா, அந்த நிலம் உருகாதா? 1972-இல் வந்த இறுதி அறிக்கை 9 தொகுதிகள். 1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கினப்போ, பாதிக்கு மேல் குழாய் தரைக்கு மேலே தாங்கிகள் மேல நின்னுது.

அப்புறம் எதிர்ப்பக்கச் சிக்கல். வழக்குக்குப் பயந்து துறைகள் எல்லாத்தையும் அறிக்கையில கொட்ட ஆரம்பிச்சாங்க. முக்கியமானது காகிதக் குவியல்ல காணாமப் போச்சு. அதனால 1978 விதிகள் 'ஸ்கோப்பிங்'ங்கிற கட்டத்தைக் கொண்டுவந்தன: ஆய்வு தொடங்கும்போதே அறிவிப்பு வெளியிட்டு, பாதிக்கப்படற மக்களையும் கூப்பிட்டு, எது முக்கியம், எதை விடலாம்னு முடிவு பண்ணணும். அறிக்கை வழக்கமா 150 பக்கத்துக்குள்ள இருக்கணும்.

இந்தியாவுல 1994 அறிவிக்கையில் ஸ்கோப்பிங் தனிக் கட்டமா இல்லை. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையில்தான் வந்தது. நிறுவனம் கொடுக்கற படிவத்தை வெச்சு நிபுணர் குழு ஆய்வு வரம்பை, அதாவது டிஓஆரை, முடிவு பண்ணும்னு அது சொன்னது. 60 நாளுக்குள்ள டிஓஆர் வரலைன்னா, நிறுவனமே முன்மொழிஞ்ச வரம்பு இறுதியானதா ஆயிடும்னு 2006-இல் வந்த அந்த விதி சொன்னது. மக்கள் கருத்துக்கேட்பு எப்போ? வரைவு அறிக்கை தயாரான பிறகு.

நம்ம வேலையில சொல்லணும்னா, டெஸ்ட் கேஸே எழுதாத இடத்துல எந்த பக்கும் சிக்காது. கிணத்துத் தண்ணியைப் பத்தின கேள்வி வரம்புல இல்லைன்னா, அறிக்கை பொய் சொல்லத் தேவையே இல்லை. சும்மா இருந்தாலே போதும்.

அதனால உங்க ஊர்ல கருத்துக்கேட்பு நடந்தா, அறிக்கைக்கு முன்னாடி டிஓஆரைப் படிங்க. அதை இணையத்துல வெளியிடணும்னு அதே அறிவிக்கை சொல்லுது. விட்டுப்போன கேள்வியைக் கூட்டத்துல கேட்டுப் பதிவு பண்ண வைங்க. அங்க எழுந்த முக்கியமான கவலைகளுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் சொல்லியாகணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.