யானையின் நினைவும் எழுத்தாளரின் உரிமையும்

யானைக்கு நினைவாற்றல் மிகுதி என்பர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தம் நூல்நிலையங்களின் மின்னணுப் படிகளை 2008ஆம் ஆண்டில் ஒரே களஞ்சியமாக்கியபோது, அதற்கு ‘ஹாத்தி டிரஸ்ட்’ எனப் பெயரிட்டன. ஹாத்தி என்பது யானையைக் குறிக்கும் இந்திச் சொல்.

இப்படிகள் எவ்வாறு கிடைத்தன? கூகிள் நிறுவனம் 2004ஆம் ஆண்டின் இறுதியில் மிச்சிகன், ஹார்வர்டு முதலிய பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்து, அலமாரி அலமாரியாக நூல்களைப் படமெடுத்தது. நூலைத் தந்த நூல்நிலையத்திற்கும் ஒரு படி வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளிலேயே களஞ்சியம் ஒரு கோடியைத் தாண்டிற்று. அவற்றுள் ஏறத்தாழ முக்காற்பங்கு பதிப்புரிமை நீங்காதவை. தொல்லை அங்கேதான் பிறந்தது.

பழைய நூல்கள் பலவற்றிற்கு உரியவர் யாரென்றே தெரிவதில்லை. ஆசிரியர் மறைந்திருப்பார், பதிப்பகம் மூடப்பட்டிருக்கும். இவற்றை ‘அநாதை நூல்கள்’ என்பர். இசைவு கேட்க ஆளில்லாத இத்தகைய நூல்களைத் தன் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் திறந்துவிட மிச்சிகன் பல்கலைக்கழகம் 2011இல் முற்பட்டது. உரியவர் எவரேனும் இருப்பின் முன்வரட்டும் என்று முதலில் ஒரு பட்டியலையும் வெளியிட்டது.

அவ்வாண்டு செப்டம்பர் 12ஆம் நாள் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. ஆஸ்திரேலியா, கியூபெக் எழுத்தாளர் சங்கங்களும் உடன் நின்றன. பட்டியலை எடுத்து ஆராய்ந்தபோது, 1958இல் வெளிவந்த ‘த லாஸ்ட் கண்ட்ரி’ என்னும் நாவல் அதில் காணப்பட்டது. அதன் ஆசிரியர் ஜே. ஆர். சலமாங்கா அப்போது உயிரோடிருந்தார்! மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர் அவர். எல்விஸ் பிரெஸ்லி நடித்து 1961இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று அந்நாவலைத் தழுவியதே. நாடறிந்த கதைக்குத் தந்தை இல்லை என்று ஒரு பல்கலைக்கழகம் எழுதிவைத்ததை என்னென்பது! நூல்நிலையத்தார் நன்மை நாடியவர்களே. ஆனால் தேடும் பணியைப் பொறுப்பாகச் செய்யவில்லை. நான்கே நாளில் பல்கலைக்கழகம் தன் தேடும் முறையில் பிழை நேர்ந்ததை ஒப்புக்கொண்டு திட்டத்தை நிறுத்தியது.

வழக்கு நிற்கவில்லை. 2012 அக்டோபரில் நியூயார்க்கில் நீதிபதி ஹாரல்டு பேயரும், 2014 ஜூன் 10ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நூல்நிலையங்களின் பக்கமே தீர்ப்பளித்தனர். பதிப்புரிமையுள்ள நூல்களில் ஒரு சொல்லைத் தேடினால், அது எந்தப் பக்கத்தில், எத்தனை முறை வருகிறது என்பதை மட்டுமே களஞ்சியம் சொல்லும். ஒரு வரியையும் காட்டாது. நூலைப் படிப்பதற்கு இது ஈடாகாது. ஆகவே நியாயமான பயன்பாடே என்றது மேல்மன்றம்.

இவ்வழக்கில் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பும் தன்னை இணைத்துக்கொண்டிருந்தது. முன்னெல்லாம் பார்வையற்ற மாணவர் ஒருவர்க்கு ஒரு பாடநூல் வேண்டுமெனில், பல்கலைக்கழகம் அதனைத் தனியே படியெடுத்துத் தரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். உடன் பயில்வோர் அதற்குள் பாதி நூலைக் கடந்திருப்பர். களஞ்சியம் வந்தபின், கருவி வாய்விட்டுப் படிக்க, நூல் முழுவதையும் அவர் செவியால் கேட்கலாம். பார்வையற்றோர்க்கான பதிப்புகளுக்கு எழுத்தாளர்கள் உரிமைத்தொகை கேளாமல் விடுவதே வழக்கம் என்பதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. பதிப்புரிமை நீங்காத நூல் கண்ணுள்ளவர்க்கு மூடியும், கண்ணிழந்தவர்க்குத் திறந்தும் இருக்கும் ஒரு புதுமை இவ்வாறு தோன்றியது. நூல்களைப் பாதுகாப்பதற்காகப் படி வைப்பது பற்றிய எஞ்சிய வழக்கு, 2015 ஜனவரியில் உடன்பாட்டில் முடிந்தது.

அநாதை நூல்கள் என்னவாயின? மிச்சிகன் பல்கலைக்கழகம் தானே திட்டத்தை நிறுத்திவிட்டமையால், அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறும் நிலைக்கு வழக்கு இன்னும் முதிரவில்லை என்று கீழ்மன்றம் கூறிற்று. மேல்மன்றமும் அதனையே உறுதி செய்தது. அந்நூல்களைத் திறப்பது சட்டத்திற்கு ஒத்ததா அன்றா என்று எந்த மன்றமும் இவ்வழக்கில் சொல்லவில்லை.