ஒத்துக்கொள்ளாத குளிசை: ஒரு தோல் நோயின் வரலாறு

ஒவ்வாமையின் வரலாற்றை எழுதப் புகுவோர் நம்மிடையே அல்-ராஸியிடமிருந்தே தொடங்குவர். ரோஜா பூக்கும் காலத்தில் அபூ ஸைத் அல்-பல்கீக்கு ஏன் மூக்கு ஒழுகியது என்று அவர் தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார். பெருமைக்குரிய விஷயம்தான். ஆனால் ராஸி கண்டது மூக்கின் ஒவ்வாமையை. நான் தேடிப்போனது வேறொன்றை. அதற்குக் காரணம் எங்கள் ராத்தா.

தொண்ணூறுகளில் ராத்தாவுக்கு வலிப்புக்காகக் காபமசெப்பின் குளிசை எழுதப்பட்டது. மூன்றாம் வாரம் காய்ச்சல். கண் சிவந்தது, வாய் புண்ணானது, நெஞ்சில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் எழுந்தன. "கண்ணூறு பட்டிருக்கு, ஓதிப் பாருங்க" என்றார் மாமி. ஓதிய தண்ணீர் கொடுத்தோம். அந்தத் தண்ணீரிலேயே அதே குளிசையையும் விழுங்கக் கொடுத்தோம், இரண்டு நாள். மூன்றாம் நாள் முதுகுத் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "சுடுதண்ணி ஊத்தின மாதிரி இருக்கே" என்று உம்மா கதறினார். ஆஸ்பத்திரியில் முதலில் செய்தது குளிசையை நிறுத்தியதுதான். ராத்தா பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். கண்பார்வை மட்டும் பழையபடி வரவில்லை.

இந்நோயை 1922இல் நியூயோர்க்கில் ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்ற இரு வைத்தியர்கள் பதிவு செய்தனர். ஏழு, எட்டு வயதுச் சிறுவர்கள் இருவருக்குக் காய்ச்சல், கண்ணழற்சி, வாய்ப்புண், உடலெங்கும் கொப்புளம். அவர்கள் அதைப் புதியதொரு காய்ச்சல் என்றே கருதினர். மருந்தின்மேல் சந்தேகம் விழவில்லை. 1956இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் இருந்த அலன் லைல் இதன் கடுமையான வடிவத்தை நான்கு நோயாளரிடம் கண்டு எழுதினார். சுடுநீர் பட்டாற்போன்ற தோல் என்பது அவருடைய கட்டுரைத் தலைப்பிலேயே இருக்கிறது. அதை வாசித்தபோது உம்மாவின் குரல்தான் காதில் கேட்டது.

மருந்து ஏன் ஒருவரை மட்டும் இப்படித் தாக்குகிறது? இதற்கு விடை தேடுமுன் நிர்ப்பீடனவியல் இரு வழிகளைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. 1921இல் மீன் ஒத்துக்கொள்ளாத கூஸ்ட்னர் என்பவரின் இரத்தத் தெளிநீரை பிரவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலிலேயே ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றியதும் தோல் தடித்தது. ஆக, ஒவ்வாமை இரத்தத் தெளிநீரில் பயணித்தது. அந்தப் பொருள் ஒரு பிறபொருளெதிரி என்பதை 1966இல் இஷிஸாகா தம்பதியினர் காட்டினர். அதுவே இன்று ஐ.ஜி.ஈ. எனப்படுகிறது. ராஸியின் ரோஜா விவகாரத்தை இன்று பலரும் இந்த வகையிலேயே சேர்ப்பர். ஆனால் 1942இல் லான்ட்ஸ்டைனரும் சேஸும் கினிப்பன்றிகளில் இன்னொன்றைக் கண்டனர். ஒரு இரசாயனம் பட்டு நாட்கணக்கில் தாமதித்து வரும் தோல் ஒவ்வாமையைத் தெளிநீரால் இன்னொரு விலங்குக்குக் கடத்த முடியவில்லை; உயிருள்ள கலங்களால் முடிந்தது. ராத்தாவின் நோய் இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தது.

விடை தாய்வானிலிருந்து வந்தது. 2004இல் அங்குள்ள ஆய்வாளர்கள், காபமசெப்பினால் இந்நோய்க்கு ஆளான 44 பேரைப் பரிசோதித்தனர். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற ஒரே பரம்பரையலகு வடிவம் இருந்தது. அதே மருந்தைப் பாதிப்பின்றி எடுத்த 101 பேரில் மூவரிடம்தான் அது காணப்பட்டது. தோல் நோய் ஆராய்ச்சியில் இவ்வளவு துலக்கமான விடை கிடைப்பது அபூர்வம். கலத்தின் மேற்பரப்பில் உள்ள இந்தப் புரதத்தில் மருந்து சென்று ஒட்டும்போது, ரீ-நிணநீர்க்கலங்கள் சொந்தத் தோலையே அந்நியமாகக் கருதிவிடுகின்றன. அவை சுரக்கும் கிரனியுலைசின் என்ற புரதம் தோல் கலங்களைக் கொல்கிறது. கொப்புள நீரில் அது நிறைந்திருப்பதை 2008இல் அதே குழுவினர் காட்டினர்.

இந்தப் பரம்பரையலகு ஐரோப்பியரிடம் மிக அரிது. தென்கிழக்காசியாவில் பரவலானது, இந்தியரிடமும் காணப்படுகிறது. ஆசிய மூதாதையரைக் கொண்டோருக்கு மருந்து தொடங்குமுன் பரிசோதிக்குமாறு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007இல் அறிவித்தது. தாய்வானில் 4,877 பேரை முன்கூட்டியே பரிசோதித்து, அந்த வடிவம் இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். வழக்கமாகப் பத்துப் பேரளவில் நோய் வந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் வரவில்லை. இந்த முடிவு வெளியானது 2011இல். ஆனால் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் எல்லா மருந்தும் பாதுகாப்பு என்று அர்த்தமல்ல. யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோலுக்கு வேறொரு வடிவம், பி 58:01, காரணமாகிறது.

ராத்தாவின் இரத்தத்தை எவரும் அப்படிப் பரிசோதிக்கவில்லை. போன வருடம் அவரது இளைய மகனுக்கு வலிப்பு வந்தபோது, வைத்தியர் பேனாவை எடுக்குமுன்னே அவர் பழைய மருந்துத் துண்டை மேசையில் வைத்தார். "டொக்டர், எழுத முந்தி இதக் கொஞ்சம் பாருங்க" என்றார்.