வில்லுப்பாட்டும் ஊடக மாற்றமும்
நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடை விழாக்களில் வில், உடுக்கு, குடம், தாளம், கட்டை ஆகியவற்றோடு நிகழும் கதைப்பாடல் கலை வில்லுப்பாட்டு. ஏட்டிலிருந்த கதைகள் அச்சேறின; ஒலிபெருக்கி வந்தது; நாகர்கோவிலில் பிறந்த நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) காந்தி கதையை வில்லில் பாடி, கொடைக்கு வெளியேயும் அதற்கு மேடை தேடித் தந்தார். பிறகு வானொலி, ஒலிநாடா, இப்போது யூடியூப். பதிவு கையிலிருக்கப் பாடகர் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் சுடலைமாடன் என்னும் காவல் தெய்வத்தின் கொடையில் சாமியாடிக்கு அருள் ஏறுவதைப் பார்த்துத்தான் உடுக்கின் அடியும் பாட்டின் நடையும் கூடும், தணியும். ஒலிநாடாவுக்கு எதிரே ஆடுபவர் தெரியாது. கதை சொல்லும் வேலையைப் புதிய ஊடகங்கள் பங்கிட்டுக்கொண்டாலும் சடங்கை நடத்தும் வேலை கலைஞரிடமே நின்றது. இழப்பு இல்லாமலில்லை: விடிய விடியப் பாடிய கதைகள் சுருங்கிவிட்டன. அதற்கு ஊடகத்தை மட்டும் குறைசொல்வது மிகை; கொடைக்கு ஒதுக்கும் நேரமும் கூடவே குறைந்திருக்கிறது.