இரண்டு முறை பிறந்த இரவுப் பாட்டு

எழுதியவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஒரே ஆண்டில், இரு வேறு ஊர்களில் மறுபிறவி எடுத்த பாட்டு ஒன்று உண்டு. 1978இல் பம்பாயில் அது திரைப்பாடலானது. அதே ஆண்டு செப்டம்பரில் மாஸ்கோவில் வேறொரு கவிஞரின் புதுக் கவிதைக்கு வித்தானது. அது முதலில் பிறந்த ஊர் ஹைதராபாத். எழுதியவர் மக்தூம் மொகியுத்தீன்.

மக்தூமின் கவிதைக்கு முதலில் செவிகொடுத்தவை நண்பர் கூட்டங்கள்தாம். 1908இல் மேடக் பகுதியிலுள்ள ஆந்தோலில் பிறந்தவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். உயர்கல்விக்கு உருதுவையே பயிற்றுமொழியாகக் கொண்டு 1918இல் தொடங்கப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு அவர் படிக்க வந்தார். அங்கே விடுதித் தோழர்களைச் சிரிக்கவைக்க அவர் கட்டிய ‘பீலா துஷாலா’ என்ற வேடிக்கைப் பாட்டு அறைக்கு அறை பரவியது. கவிஞர் என்ற பெயரை அவருக்கு முதலில் வாங்கித் தந்தது, ஒரு மஞ்சள் சால்வையைப் பற்றிய அந்தக் கேலிப் பாட்டுதான்.

இப்படிப்பட்ட பாட்டுகளுக்கு உலகெங்கும் உறவுண்டு. ஜெர்மனியின் பல்கலைக்கழக ஊர்களில், பீர்க் கோப்பைகளை மேசையில் தட்டிக்கொண்டு மாணவர்கள் பாடிய ‘கௌதேயாமுஸ் இகிதூர்’ என்ற லத்தீன் பாட்டு அவற்றில் பெயர்பெற்றது. அதன் இன்றைய வடிவத்தை 1781இல் கிண்ட்லேபன் அச்சேற்றினார். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் அளித்தபோது, இசைமேதை பிராம்ஸ் நன்றிக்கடனாக 1880இல் எழுதிய இசைக்கோவையை இதே குடிமேசைப் பாட்டின் மெட்டில்தான் முடித்தார். விடுதியிலும் மதுக்கடையிலும் வளர்ந்த பாட்டு அரங்கம் ஏறிவிட்டது.

மெஹ்ஃபில் என்னும் உருதுக் கவிதைக் கூட்டத்திலும் மதுவுக்குக் குறைவில்லை. கிண்ணமும், ஊற்றித் தருபவரும், விடியப்போகும் இரவும் கஸலின் பழைய உறவுகள். ஆனால் மக்தூமின் வாழ்க்கை மெஹ்ஃபிலோடு நின்றுவிடவில்லை. மூசி நதிக்கரையிலுள்ள சிட்டி கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், வேலையை விட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் தொழிற்சங்கங்களுக்கும் முழுநேரமாகப் போனார். 1944இல் வந்த ‘சுர்க் சவேரா’ (சிவந்த விடியல்) என்ற முதல் தொகுப்பின் பெயரிலேயே அந்தச் செம்மை தெரியும். தெலங்கானா ஆயுதப் போராட்டக் காலத்தில் தலைமறைவானார். 1951இல் சிறை சென்றார். 1952இல் ஹுசூர்நகரிலிருந்து ஹைதராபாத் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கஸல் பக்கம் அவர் திரும்பியது வெகு காலம் கழித்து, நடு வயதில். போராட்டமும் சிறையும் கண்ட ஒருவர் எழுதிய அந்தக் கஸல்களில் முழக்கம் இல்லை; காத்திருப்பு இருக்கிறது. அவற்றுள் ஒன்றுதான் ‘ஆப் கீ யாத்’. இரவு முழுவதும் ஒருவரின் நினைவு வந்துகொண்டே இருப்பதைச் சொல்வது. இன்னொன்று மதுவையும் பின்னிரவையும் பாடுவது. இரண்டும் தூங்காத இரவின் பாட்டுகள். ‘பிசாத்-ஏ-ரக்ஸ்’ தொகுப்புக்காக 1969ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது மக்தூமுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அவர் காலமானார்.

‘ஆப் கீ யாத்’ பாட்டின் அடுத்த பயணம் இயக்குநர் முஸாஃபர் அலியின் ‘கமன்’ படத்தில். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் மனைவியையும் தாயையும் விட்டு, பம்பாய்க்கு வந்து டாக்ஸி ஓட்டுபவனின் கதை அது. ஃபாரூக் ஷேக்கும் ஸ்மிதா பாட்டீலும் அந்தக் கணவனும் மனைவியும். ஒரு காதலரின் தனிமையாக எழுதப்பட்ட கஸல், பிழைப்புக்காகப் பிரிந்த லட்சக்கணக்கான குடும்பங்களின் தனிமையாக இந்தப் படத்தில் விரிந்தது. ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் இது நிகழ்ந்தது என்பதுதான் என்னை நெகிழவைக்கிறது. இசையமைத்த ஜெய்தேவ், வானொலியில் பணியாற்றிய சாயா கங்குலியைப் பாடவைத்தார். ஆர்ப்பாட்டமே இல்லாத குரல். அவருக்கும் ஜெய்தேவுக்கும் தேசிய விருது கிடைத்தது. நம் ஹரிஹரன் திரையில் முதன்முதலாகப் பாடியதும் இதே படத்தில்தான்.

மாஸ்கோவில் நடந்தது வேறு வகை. ஃபைஸ் அகமது ஃபைஸும் மக்தூமும் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் இரு பெரும் குரல்கள். 1951இல் மக்தூம் இந்தியச் சிறையில் இருந்தார். ஃபைஸ் ராவல்பிண்டி சதி வழக்கில் பாகிஸ்தான் சிறையில் இருந்தார். 1978இல் ஜியாவின் ராணுவ ஆட்சியிலிருந்த பாகிஸ்தானை விட்டு வெளியே அலைந்துகொண்டிருந்த ஃபைஸ், மக்தூமின் நினைவாக இரண்டு கஸல்கள் எழுதினார். ஒன்று ‘ஆப் கீ யாத்’தின் முதலடியை அப்படியே எடுத்துக்கொண்டு, இரண்டாம் அடியிலிருந்து தன் வழியில் போனது. மற்றொன்று அந்த மது கஸலின் சந்தத்திலும் இயைபிலும் அமைந்தது.

இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. மூத்த கவிஞரின் சந்தத்தையும் இயைபையும் ஏற்று எழுதுவது கஸல் மரபில் மரியாதை. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்ன நம் புலவர் அவைகளை நினைத்தால் இது எளிதில் புரியும். ஜெர்மானிய மேசையில் பாட்டில் சேர விரும்புபவர் கூடச் சேர்ந்து பாடுகிறார். உருது மெஹ்ஃபிலில் சேர விரும்புபவர் கூடச் சேர்ந்து எழுதுகிறார். நண்பர் இறந்த பிறகும், எல்லைக்கு அப்பாலிருந்தும், நாடு கடந்த ஊரிலிருந்தும் சேரலாம். எனக்குத் தெரிந்து, ஒரு கவிஞருக்கு இன்னொரு கவிஞர் செய்யக்கூடிய ஆகப் பெரிய அஞ்சலி இதுதான்.

இந்தப் பயணத்தில் ஓர் இழப்பும் உண்டு. திரைப்பாடலாகக் கேட்டவர்களுக்குப் பாடகியின் பெயர் தெரியும். கவிதையாகப் படித்தவர்களில் பலர் அதை ஃபைஸின் கவிதையென்றே நினைக்கிறார்கள். 1982இல் வந்த ‘பாஸார்’ படத்தில் லதா மங்கேஷ்கரும் ஹைதராபாத்காரரான தலத் அஸீஸும் பாடிய மலர்களின் கஸலும் மக்தூமுடையதே. அதற்கும் இதே கதிதான். ஹைதராபாத் டேங்க் பண்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஹிமாயத்நகரில் கட்சி அலுவலகம் ‘மக்தூம் பவன்’ என்ற பெயரைத் தாங்குகிறது. ஆனால் போராளியாக மட்டும் அவரை நிறுத்திவிட்டால் பாதி மக்தூமைத்தான் வைத்திருக்கிறோம். கூலி உயர்வுக்காகத் தெருவில் நின்றவரும், தூக்கம் வராத இரவை எழுதியவரும் ஒருவரே. அடுத்த முறை அந்தப் பாட்டைக் கேட்பவர்கள், பாடியவர் பெயரோடும் இசையமைத்தவர் பெயரோடும் ஹைதராபாத் மக்தூமின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு நாம் பட்ட கடன் அது.